அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்களின் பாரம்பரியச் சீருடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாம்பல் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, மார்பில் குறுக்குப் பட்டை, தலையில் உயரமான தொப்பி. அமெரிக்க ராணுவக் கல்லூரி அணிவகுப்புப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடற்படை, விமானப்படைக் கல்லூரிகளின் உடை வேறு கதை. அவற்றை இங்கே தொடவில்லை.

இவங்க ராணுவ வீரர்களா, இல்ல காலேஜ் பசங்களா?

எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது. நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட் பாயின்ட் 1802-இல் தொடங்கியது. அங்கே படிப்பவர்கள் சேர்ந்த நாளிலிருந்தே ராணுவத்தின் ஆட்கள். சம்பளம் உண்டு. பட்டம் வாங்கியதும் அதிகாரியாகப் பணி செய்தே ஆக வேண்டும்.

அடுத்தது, சட்டப்படி 'மூத்த ராணுவக் கல்லூரிகள்' என்று குறிக்கப்படும் ஆறு நிறுவனங்கள்: வெர்மான்டில் நார்விச், வர்ஜினியாவில் வி.எம்.ஐ. எனப்படும் வர்ஜினியா மிலிட்டரி இன்ஸ்டிடியூட், அதே மாநிலத்தில் வர்ஜினியா டெக், தென் கரோலினாவில் சிட்டடல், டெக்சஸ் ஏ அண்ட் எம், நார்த் ஜார்ஜியா பல்கலைக்கழகம். இங்கே சீருடையில் இருப்பவர்கள் சட்டப்படி மாணவர்கள்தான். பலர் ராணுவத்துக்குப் போகிறார்கள், பலர் போவதில்லை. ஏ அண்ட் எம், வர்ஜினியா டெக் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களில் கேடட்டுகள், அதாவது சீருடையில் ராணுவப் பயிற்சி பெறும் மாணவர்கள், மொத்த மாணவர்களில் ஒரு சிறு பகுதிதான்.

சாதாரணப் பல்கலைக்கழகங்களிலும் ஆர்.ஓ.டி.சி. என்ற ராணுவ அதிகாரிப் பயிற்சித் திட்டம் உண்டு. 1916-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு வழி செய்தது. அதில் சேர்ந்தவர்கள் அணிவது ராணுவத்தின் வழக்கமான உடை. இந்தப் பக்கத்தில் பேசப்போகும் பழைய பாணிச் சீருடைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

ஏன் சாம்பல் நிறம்? அமெரிக்க ராணுவம் நீலம்தானே?

கல்லூரி வளாகங்களில் சொல்லப்படும் கதை இது. 1812-இல் தொடங்கிய பிரிட்டிஷாருடனான போரில், தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படைக்கு நீலத் துணி கிடைக்கவில்லை. சாம்பல் நிறச் சட்டையோடு களத்தில் இறங்கினார்கள். 1814 ஜூலை 5 அன்று கனடா எல்லையில் சிப்பவா என்ற இடத்தில், 'இவர்கள் ஏதோ நாட்டுப்புறத் தொண்டர் படை' என்று பிரிட்டிஷ் தளபதி அசட்டையாக இருந்தார், தோற்றுப்போனார். அந்த வெற்றியைக் கௌரவிக்கத்தான் வெஸ்ட் பாயின்ட் மாணவர்களுக்கு 1816-இல் சாம்பல் நிறம் கொடுக்கப்பட்டதாம்.

சிப்பவா போரும் உண்மை, சாம்பல் சட்டையும் உண்மை. ஆனால் அந்தச் சமயத்தில் வெஸ்ட் பாயின்ட்டை நடத்திக்கொண்டிருந்த ஆல்டன் பார்ட்ரிட்ஜ் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது. சாம்பல் துணி நீலத்தைவிட மலிவு, மாணவர்களுக்குப் பொருத்தமாகவும் இருக்கும் என்றார். போர் வெற்றியோடு முடிச்சுப் போட்டது பிற்பாடு நடந்தது. அதில் ஸ்காட்டுக்கே பங்கு உண்டு. என்னைக் கேட்டால் பார்ட்ரிட்ஜின் கணக்குதான் நம்பும்படி இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாகச் செல்லுபடியாவது என்னவோ ஸ்காட்டின் கதை.

சரி, வெஸ்ட் பாயின்ட் உடை மத்த கல்லூரிகளுக்கு எப்படிப் போச்சு?

ஆட்கள் வழியாக. மேலே சொன்ன பார்ட்ரிட்ஜ் 1817-இல் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். சும்மா இருக்கவில்லை, 1819-இல் வெர்மான்டில் சொந்தமாக ஒரு ராணுவப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய நார்விச்.

வி.எம்.ஐ. 1839 நவம்பர் 11 அன்று லெக்சிங்டன் ஊரில் தொடங்கியது. அதன் நிர்வாகக் குழுவின் முதல் தலைவர் க்ளாடியஸ் க்ரோஸே, நெப்போலியனின் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்து, ரஷ்யப் படையெடுப்பில் சிறைப்பட்டு மீண்டவர். அப்புறம் அமெரிக்கா வந்து வெஸ்ட் பாயின்ட்டில் பாடம் நடத்தினார். வி.எம்.ஐ.யின் முதல் தலைமை அதிகாரி ஃபிரான்சிஸ் ஸ்மித் வெஸ்ட் பாயின்ட்டில் படித்தவர். இப்படிப்பட்ட இருவர் சேர்ந்து நடத்திய கல்லூரியில் உடை எந்தச் சாயலில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1842-இல் சார்ல்ஸ்டனில் வந்த சிட்டடலும் அதே தடத்தில் போனது.

உள்நாட்டுப் போரில் தெற்குப் படை சாம்பல் நிறம் போட்டதே, அங்கிருந்து வந்ததில்லையா?

இல்லை, வருடங்களைப் பார்த்தாலே தெரியும். வெஸ்ட் பாயின்ட்டில் சாம்பல் வந்தது 1816. வி.எம்.ஐ. தொடங்கியது 1839. உள்நாட்டுப் போர் மூண்டது 1861. வெஸ்ட் பாயின்ட் வடக்கு மாநிலத்தில் இருக்கிறது, போர்க்காலம் முழுக்க நீல உடைப் படைக்கு அதிகாரிகளைத் தந்துகொண்டே தன் மாணவர்களுக்குச் சாம்பல் உடுத்தியது.

ஆனால் தெற்குக் கல்லூரிகளில் இந்த நிறத்துக்குப் பிற்காலத்தில் அந்தப் போரின் நினைவும் ஒட்டிக்கொண்டது என்பதை மறைக்க முடியாது. வி.எம்.ஐ. மாணவர்கள் தெற்குப் படைக்காகக் களத்திலேயே இறங்கினார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

கோட்டு முன்னாடி இடுப்போட நிக்குது, பின்னாடி மட்டும் வால் தொங்குதே, ஏன்?

பதினெட்டாம் நூற்றாண்டில் படைவீரர்களின் கோட்டு முழங்கால் வரை நீளமாக இருந்தது. நடக்கும்போதும் குதிரை ஏறும்போதும் முன்பகுதி காலைத் தடுக்கிறது என்று முதலில் மடித்துக் குத்திக்கொண்டார்கள், பிறகு வெட்டியே விட்டார்கள். மிஞ்சியது பின்பக்க வால். இந்தக் குட்டைக் கோட்டுக்குக் கோட்டி என்று பெயர். 1816-இல் இது ஒன்றும் பழைய பாணி இல்லை, அப்போதைய காலாட்படையின் நடப்பு உடைதான். ராணுவம் 1851-இல் அதைக் கைவிட்டு, சுற்றிலும் ஒரே நீளமுள்ள கோட்டுக்கு மாறியது. கல்லூரிகள் மாறவில்லை. 'பாரம்பரியச் சீருடை' என்று நாம் சொல்வது அந்தக் கணத்தில்தான் உருவானது.

முன்பக்கம் மூன்று வரிசையாகக் குண்டு குண்டான பித்தளைப் பொத்தான்கள் இருக்கும். நடு வரிசை ஒன்றுதான் கோட்டை மூடுவதற்கு. பக்கத்து வரிசைகள் இரண்டும் அலங்காரம்.

மார்பில் எக்ஸ் மாதிரி போகும் வெள்ளைப் பட்டை எதற்கு?

இன்றைக்கு எதற்கும் இல்லை. துப்பாக்கிக்கு ஒவ்வொரு முறையும் மருந்தும் குண்டும் தனியாகப் போட்ட காலத்தில், ஒரு பட்டையில் தோட்டாப் பெட்டி தொங்கும், மற்றதில் துப்பாக்கி முனையில் செருகும் கத்தி தொங்கும். இரண்டு பட்டைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு பித்தளைத் தகடு. அந்தத் தகட்டை முகம் தெரியும்வரை தேய்ப்பதுதான் இப்போது மாணவர்களின் வேலை. கீறல் விழுந்தால் பரிசோதனையில் மாட்டிக்கொள்வார்கள்.

தலையில் டப்பா மாதிரி இருக்கே, அது கனமா இருக்காதா?

ஷாக்கோ என்ற அந்தத் தொப்பி ஹங்கேரியக் குதிரைவீரர்களிடமிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, நெப்போலியன் காலத்தில் ஏறக்குறைய எல்லாப் படைகளின் தலையிலும் ஏறியது. ஆளை உயரமாகக் காட்டும். வெயிலில் அதைப் போட்டு அசையாமல் நிற்பது சுகமான வேலை இல்லை. வெஸ்ட் பாயின்ட் மாணவர்களே அதைத் 'தார் வாளி' என்றுதான் கிண்டல் செய்கிறார்கள்.

தொப்பியின் உச்சியைப் பாருங்கள். சின்ன உருண்டைக் குஞ்சம் இருந்தால் அணியில் நிற்கும் சாதாரண மாணவர். நீளமான இறகுக் குஞ்சம் இருந்தால் மாணவர் படையில் அதிகாரிப் பொறுப்பு வகிக்கும் கடைசியாண்டு ஆள்.

தினமும் இதைப் போட்டுக்கிட்டா வகுப்புக்குப் போறாங்க?

இல்லவே இல்லை. வாலும் குறுக்குப் பட்டையும் அணிவகுப்புக்கும் விழாக்களுக்கும் மட்டும். வெஸ்ட் பாயின்ட் வகுப்பறையில் கறுப்புச் சட்டையும், பக்கவாட்டில் கறுப்புக் கோடு போட்ட சாம்பல் கால்சட்டையும் பார்க்கலாம். களப் பயிற்சி என்றால் ராணுவத்தின் புள்ளி போட்ட உடை. குளிர்காலத்துக்குத் தோளில் சிறு போர்வை போல மடிப்பு வைத்த நீளமான சாம்பல் மேல்கோட்டு.

படத்தைப் பார்த்தே இவர் எந்த வருஷம் படிக்கிறார்னு சொல்ல முடியுமா?

டெக்சஸ் ஏ அண்ட் எம் என்றால் சுலபம். மடித்து வைக்கக்கூடிய துணித் தொப்பியின் விளிம்பில் ஒரு பின்னல் கயிறு ஓடும். இரண்டாம் ஆண்டுக்குக் கறுப்பு, மூன்றாம் ஆண்டுக்கு வெள்ளை, கடைசியாண்டுக்குத் தங்க நிறம். முதலாண்டுக்காரருக்குச் சட்டையில் குத்தும் பித்தளைச் சின்னம்கூட வந்தவுடன் கிடைக்காது, சம்பாதித்துத்தான் வாங்க வேண்டும்.

சிட்டடலிலும் வி.எம்.ஐ.யிலும் முதலாண்டுக்காரரை உடையைவிடத் தலையை வைத்துக் கண்டுபிடிப்பது எளிது. ஏறக்குறைய மொட்டை. சிட்டடலில் அவர்களுக்குக் 'குமிழ்' என்றே பட்டப்பெயர். வி.எம்.ஐ.யில் 'எலி'.

டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் முழங்கால் வரை ஒரு பூட்ஸ் போடுறாங்களே, அது என்ன கதை?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஏ அண்ட் எம் 1876-இல் திறந்தது. அங்கே கேடட் உடையின் அடிப்படை சாம்பல் கோட்டு இல்லை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க அதிகாரியின் காக்கி, பச்சை வகையறாதான் அடிப்படை. அந்த அதிகாரிகள் குதிரையேற்றக் கால்சட்டையும் உயரமான தோல் பூட்ஸும் அணிந்தார்கள். 1925 முதல் கடைசியாண்டு கேடட்டுகளுக்கு அது அதிகாரப்பூர்வக் காலணி ஆனது. குதிரைகள் போய், ராணுவமும் அந்த பூட்ஸை விட்டுவிட்ட பிறகு, ஏ அண்ட் எம் மட்டும் விடாமல் வைத்திருக்கிறது.

பூட்ஸ் ரெடிமேட் கிடையாது. பாதம், கணுக்கால், ஆடுசதை எல்லாம் அளவெடுத்துத் தைப்பார்கள். முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த வேலைக்குப் பேர்போன ஹோலிக் குடும்பத்தின் கடை 1891-இலிருந்து இருக்கிறது. விலை ஒரு ஜோடி ஆயிரம் டாலரைத் தாண்டும். தாத்தாவோ அப்பாவோ போட்ட பூட்ஸைச் சரிசெய்து போட்டுக்கொள்பவர்களும் உண்டு, அதில் ஒரு பெருமை.

கல்வியாண்டு முடிவில் இறுதி அணிவகுப்பு நடக்கும். அதில் மாணவர் படை மைதானத்தை இரண்டு முறை கடக்கும். முதல் முறை அந்த ஆண்டு அடையாளங்களோடு. இரண்டாம் முறை எல்லாரும் ஒரு வகுப்பு ஏறியவர்களாக, அடுத்த ஆண்டின் அடையாளங்களோடு வருவார்கள். மூன்றாம் ஆண்டு முடித்தவர்கள் தங்கள் பூட்ஸை முதன்முதலாக அதிகாரப்பூர்வமாகப் போடுவது அந்த இரண்டாவது சுற்றில்தான். அப்புறம் அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தில், கைல் ஃபீல்ட் அரங்கில் இடைவேளை முடிந்து அணி திரும்பும்போது, பூட்ஸ் போட்டவர்கள் வரிசையாக நின்று வரவேற்பார்கள். 1965-இலிருந்து அங்கே மாணவர் படையில் சேர்வது கட்டாயமில்லை. ஆக இன்றைக்கு அந்த பூட்ஸைப் போடுபவர் விரும்பிச் சேர்ந்தவர்தான்.

பெண்களுக்கும் இதே உடையா?

இப்போது பெரும்பாலும் அதேதான், ஆனால் நேராக வந்து சேரவில்லை. வர்ஜினியா டெக் 1973-இலும், ஏ அண்ட் எம் 1974-இலும் பெண்களை மாணவர் படையில் சேர்த்தன. வெஸ்ட் பாயின்ட்டில் 1976-இல் 119 பெண்கள் நுழைந்தார்கள். அவர்களில் 62 பேர் 1980-இல் பட்டம் பெற்றார்கள். முதலில் அவர்களுக்குக் கொடுத்த விழாக் கோட்டுக்கு வாலே இல்லை. பெண்ணின் உடலமைப்புக்கு வால் அழகாக இருக்காது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். விளைவு, ஆயிரக்கணக்கானோர் நிற்கும் அணியில் பெண்கள் மட்டும் தனியாகத் தெரிந்தார்கள். சீருடையின் வேலையே அதற்கு நேர்மாறானது. பிறகு வால் திரும்பி வந்தது.

வி.எம்.ஐ. கடைசிவரை மறுத்து வழக்காடியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். மறு ஆண்டு 30 பெண்கள் சேர்ந்தார்கள். தலைமுடி முதற்கொண்டு முதலாண்டு விதிகள் அவர்களுக்கும் வந்தன.

இதைத் தனியாப் போட்டுக்க முடியுமா? யாராவது மாட்டிவிடணுமா?

தனியாகப் போடலாம், ஆனால் பரிசோதனையில் தேறுவது சந்தேகம். வெள்ளைக் கால்சட்டைக்குப் போடும் கஞ்சியில் துணி அட்டையாக விறைத்திருக்கும். குறுக்குப் பட்டைகள் முதுகில் சரியான இடத்தில் கடக்க வேண்டும், தகடு நடுவில் நிற்க வேண்டும். சட்டையின் தளர்ச்சியை இன்னொருவர் பின்னாலிருந்து இழுத்து, மடித்துக் கால்சட்டைக்குள் திணிக்க வேண்டும். வி.எம்.ஐ.யில் ஒவ்வொரு முதலாண்டுக்காரருக்கும் ஒரு கடைசியாண்டு மாணவர் வழிகாட்டியாக இருப்பார். அணிவகுப்புக்கு முன் அவருக்குப் பட்டை மாட்டிவிடுவது முதலாண்டுக்காரரின் வேலை, பதிலுக்கு அவர் ஆலோசனை சொல்வார், தட்டிக்கொடுப்பார்.

யார் தைப்பாங்க, யார் காசு கொடுப்பாங்க?

வெஸ்ட் பாயின்ட் வளாகத்துக்குள்ளேயே ஒரு சீருடைத் தொழிற்சாலை உண்டு. அங்கே இருக்கும் தையல்காரர்கள்தான் அளவெடுத்துத் தைப்பது. செலவு மாணவர்களின் சம்பளக் கணக்கிலிருந்து கழியும். மற்ற ஆறு கல்லூரிகளில் சிலவற்றில் சீருடைச் செலவு கட்டணத்தோடு சேர்ந்தே வரும். ஏ அண்ட் எம் பூட்ஸ் தனிச் செலவு, மேலே சொன்னதுதான்.

வி.எம்.ஐ. மாணவர்கள் போரில் சண்டை போட்டதா சொல்றாங்களே, இந்தக் கோட்டோடவா?

அணிவகுப்புக் கோட்டோடு இல்லை. 1864 மே 15 அன்று நியூ மார்க்கெட் என்ற ஊரில், ஆள் பற்றாக்குறையால் தெற்குத் தளபதி ஜான் பிரெக்கின்ரிட்ஜ் இந்த மாணவர்களைக் களத்தில் இறக்கினார். 257 பேர். சண்டையிலும் பிறகு காயத்தாலும் பத்துப் பேர் இறந்தார்கள். போரால் துணித் தட்டுப்பாடு இருந்த காலம். இடுப்போடு நிற்கும் முரட்டுத் துணிச் சட்டைதான் அவர்கள் அணிந்திருந்தது. மழையில் உழுத வயல் சேறாகி, பலருடைய காலணிகள் அதிலேயே சிக்கிக்கொண்டன.

மே 15 அன்று கல்லூரியில் அணிவகுத்து நின்று, இறந்த பத்துப் பேரின் பெயரைக் கூப்பிடுவது நெடுங்கால வழக்கம். நிற்பவர்களில் ஒருவர் ஒவ்வொரு பெயருக்கும் 'களத்தில் இறந்தார்' என்று பதில் சொல்வார். அந்த நாளில் அவர்கள் அணிவது விழாக் கோட்டு. இதனால்தான் ஓவியங்களிலும் பேச்சிலும் இரண்டு உடையும் குழம்பிவிடுகின்றன. அவர்கள் சண்டை போட்டது அடிமைமுறையைக் காக்க எழுந்த ஓர் அரசுக்காக என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது பாதிக் கதை.

பழைய கேடட் கோட்டு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கு. வாங்கி நாடகத்தில் போட்டால் சட்டச் சிக்கல் வருமா?

வாங்குவதற்கும் அலமாரியில் வைத்துக்கொள்வதற்கும் தடையில்லை, சேகரிப்பவர்கள் நிறைய. அனுமதியில்லாமல் அமெரிக்க ராணுவத்தின் சீருடையைப் போடுவது அங்கே குற்றம். ஆனால் ராணுவத்தாராக நடிக்கும் நடிகருக்கு நாடகத்திலும் திரைப்படத்திலும் விலக்கு உண்டு. முன்பு அந்த விலக்கோடு ஒரு நிபந்தனை இருந்தது. நடிப்பு ராணுவத்துக்கு அவப்பெயர் தரக்கூடாது என்றது. வியட்நாம் போரை எதிர்த்து வீதி நாடகம் போட்ட ஷாக்ட் என்பவரின் வழக்கில், 1970-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீக்கிவிட்டது. ஆகவே மேடையில் தாராளமாகப் போடலாம். வாங்கும் முன் பொத்தான்களைப் பாருங்கள். கல்லூரிக்குக் கல்லூரி சின்னம் மாறும். பொத்தானில் ஒரு கல்லூரி, பட்டைத் தகட்டில் இன்னொன்று என்று இருந்தால், யாரோ பிற்பாடு ஒட்டுப்போட்டு விற்கிறார்கள்.